தெருநாய் விவாதத்தில் உங்கள் நிலை என்ன? சொந்தமாக ஒரு கருத்துக்கு வந்து சேரும் வழி

2025 ஆகஸ்டில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. தண்ணீர் லாரிக் கணக்கு பார்க்கத்தான் கூடினோம். யாரோ தெருநாய்ப் பேச்சை எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் கூட்டம் இரண்டாகிவிட்டது. “எல்லாத்தையும் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க, அவ்வளவுதான்” என்றார் ஒரு அண்ணன். “வாயில்லாத ஜீவன், அது எங்கே போகும்?” என்றார் தினமும் இரவில் நாய்களுக்குச் சோறு வைக்கும் மூன்றாம் மாடி அக்கா. என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்கள். நானும் ஏதோ சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: நான் சொன்னது அத்தனையும் அன்று காலை குடும்ப வாட்ஸப் குழுவில் வந்த ஒரு வீடியோவில் கேட்டது. அதில் என்னுடையது என்று ஒரு சொல்கூட இல்லை.

அது எனக்கு வருத்தமாக இருந்தது. தினமும் நடக்கும் தெருவைப் பற்றிய கேள்வி அது. அதற்குக்கூட இரவல் பதில்தானா? அடுத்த சில வாரங்கள் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பெண்களுக்கு இலவசப் பேருந்து, தீபாவளிப் பட்டாசு, பிள்ளைகள் கையில் செல்போன் என்று எந்த விவாதத்துக்கும் இதே வழியில் போகலாம். உதாரணம் மட்டும் கடைசி வரை தெருநாய்தான். ஒன்றை முழுதாகப் பார்த்தால்தான் வேலை எப்படி நடக்கிறது என்று புரியும்.

முதலில் மனதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்

தேடவோ படிக்கவோ ஆரம்பிக்கும் முன், ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். இந்த விஷயத்தில் எனக்கு என்ன தோன்றுகிறது? அது எங்கிருந்து வந்தது?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். சிறு வயதில் என்னை ஒரு நாய் துரத்தியது. கடிக்கவில்லை. ஆனாலும் இருட்டில் ஒரு உறுமல் கேட்டால் இன்றும் கால் தானாக நின்றுவிடும். மூன்றாம் மாடி அக்காவுக்கு வேறு கதை. தனியாக இருந்த காலத்தில் வாசலில் படுத்துக் காவல் காத்தது ஒரு தெருநாய். இருவருக்குமே காரணம் உண்மையானது. ஆனால் என் பயம் என்னைப் பற்றிச் சொல்கிறது, ஊரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எழுதி வைத்துவிட்டால், பின்னால் ஒரு தகவலைப் படித்து “இதுதான் சரி” என்று சட்டென்று தோன்றும்போது, அதைச் சொல்வது தகவலா, என் பழைய பயமா என்று திரும்பிப் பார்க்க முடியும்.

உணர்வை ஒதுக்கிவிட்டு யோசியுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உணர்வு இல்லாதவருக்கு இந்த விவாதமே தேவைப்படாது. அது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

கேள்வியை உடையுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. “தெருநாய் வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டால் சண்டைதான் வரும். அந்த ஒரு கேள்விக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

என்ன நடக்கிறது என்பது ஒன்று. எத்தனை பேரை நாய் கடிக்கிறது, யாரை, எந்த நேரத்தில், அந்த நாய் தெருவில் வளர்ந்ததா, யாராவது வீட்டில் வளர்த்து அவிழ்த்துவிட்டதா. இதற்குப் பதில் எங்காவது இருக்கும். வாதாடித் தீர்மானிக்க வேண்டியதில்லை, தேடிப் பார்க்க வேண்டியதுதான்.

எது வேலை செய்யும் என்பது அடுத்தது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டால் நாய்கள் குறையுமா? இந்த முறை ஏன் வந்தது என்பதை நம்மில் பலர் கேட்டதே இல்லை. சென்னையில் மாநகராட்சி நெடுங்காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 1996-இல் அதை விட்டுவிட்டுக் கருத்தடைக்கு மாறினார்கள். புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு அதற்காகப் பல வருடம் வாதாடியிருந்தது. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: ஒரு தெருவில் இருக்கும் நாய்கள் அதைத் தங்கள் எல்லையாகக் காக்கும். அவற்றை அகற்றினால் குப்பையும் சோறும் அப்படியே இருக்கும், அடுத்த தெருவிலிருந்து தடுப்பூசி போடாத வேறு நாய்கள் வந்து உட்காரும். 2001-இல் இதுவே நாடு முழுவதற்கும் விதியானது. 2023-இல் அந்த விதிகளைப் புதிதாக எழுதினார்கள்.

எதிர்த்தரப்பும் இதே இடத்தில்தான் பேசுகிறது. கருத்தடை செய்த நாய் குட்டி போடாது, சரி. கடிக்காது என்று யார் சொன்னது? ஒரு பகுதியில் பெரும்பாலான நாய்களுக்குக் குறுகிய காலத்தில் செய்து முடித்தால்தான் எண்ணிக்கை இறங்கும். அங்கே பத்து, இங்கே பத்து என்று செய்தால் மீதி நாய்கள் போடும் குட்டிகளே கணக்கை ஈடுகட்டிவிடும். இந்த வாதமும் நியாயமானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிந்தது. ‘கருத்தடை தோற்றுவிட்டது’ என்பவரும் ‘கருத்தடைதான் வழி’ என்பவரும் பல நேரம் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். அது போதிய அளவில், போதிய வேகத்தில் நடக்கவில்லை.

மூன்றாவது, எது நமக்குப் பெரிது என்பது. ஒரு குழந்தையின் பாதுகாப்புக்கும் ஒரு நாயின் உயிருக்கும் நடுவே எங்கே கோடு போடுவது? எந்தப் புள்ளிவிவரமும் இதற்குப் பதில் தராது. நீங்கள்தான் தர வேண்டும். நான்காவது, யார் செய்ய வேண்டும், யார் பணம் தர வேண்டும் என்பது. இதைப் பெரும்பாலும் யாருமே கேட்பதில்லை.

உடைத்து வைத்துக்கொண்டால் ஒரு பெரிய நன்மை உண்டு. நான் யாரோடு எதில் முரண்படுகிறேன் என்று தெரிந்துவிடும். அந்த அண்ணனோடு எனக்கு மூன்றாவது கேள்வியில் சண்டையே இல்லை. பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. இரண்டாவதில்தான் வேறுபாடு.

இப்போதைய நிலவரத்தைத் தேதியோடு தெரிந்துகொள்ளுங்கள்

பாதி விவாதங்கள் பழைய செய்தியின் மேல் நடக்கின்றன. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப விடக் கூடாது என்றது. பதினொரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த பகுதியிலேயே விடலாம். ரேபிஸ் எனும் வெறிநோய் தாக்கியவை, தாக்கியதாகச் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமானவை ஆகியவற்றை விடக் கூடாது. தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்காமல், அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டும் வைக்க வேண்டும். அப்போதே வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தார்கள். நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு வந்தது: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அங்கேயே திரும்ப விடக் கூடாது.

எங்கள் குழுவில் செப்டம்பர் வரை ஆகஸ்ட் 11 உத்தரவையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைக் கொண்டாடியவர்களும் சரி, கண்ணீர் விட்டவர்களும் சரி, மாறிப்போன ஒன்றைப் பற்றித்தான் பேசினார்கள். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். முதல் செய்தி ஓடிய வேகத்தில் அடுத்தது ஓடவில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது நான் சொன்ன உத்தரவுகளும் மாறியிருக்கலாம். அதனால் எந்தச் செய்தியைப் பார்த்தாலும் முதலில் தேதி, அடுத்து எந்த ஊருக்கு, அதன் பிறகு யார் சொன்னது. இந்த மூன்றையும் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

எண்ணைப் பார்த்தால் நின்று கேளுங்கள்

2024-இல் இந்தியாவில் 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாகின, ரேபிஸால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுவோர் 54 பேர். மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது. இன்னொரு பக்கம், உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. விவாதத்தில் ஒருவர் 54-ஐ எடுத்து “இதுக்குப் போய் இவ்வளவு பயமா?” என்கிறார். மற்றவர் 20,000-ஐ எடுத்து “இத்தனை உயிர் போகுதே” என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

ஒன்று பதிவான எண்ணிக்கை, மற்றது மதிப்பீடு. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. “இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று கேட்ட குடும்பம் நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறது. அந்தச் சாவு பதிவேட்டில் ஏறாமலே போகலாம். ஆகவே 54 குறைவாகத்தான் இருக்கும். மதிப்பீடு என்பதோ சில இடங்களில் பார்த்ததை வைத்து நாடு முழுவதற்கும் கணக்குப் போடுவது. அது பல ஆண்டு பழையதாக இருந்தால் இன்றைய நிலைக்குப் பொருந்தாமலும் போகும். உண்மை நடுவே எங்கோ இருக்கிறது. ஒரு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகக் கூடாது என்பதை இதிலிருந்துதான் கற்றேன்.

கடி எண்ணிக்கையும் அப்படியே. 37 லட்சம் என்பது மருத்துவமனைக்கு வந்தவர்கள். கடித்தது வீட்டு நாயா தெருநாயா என்று அந்த ஒற்றை எண் சொல்லவில்லை. சென்னையில் 2018-இல் எண்ணியபோது தெருநாய்கள் சுமார் 58,000. 2024-இல் சுமார் 1.8 லட்சம். மூன்று மடங்கு என்று உடனே பதறாமல், இரண்டு முறையும் ஒரே விதமாக எண்ணினார்களா என்று கேளுங்கள். கேட்ட பிறகும் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்ற முடிவுக்கே நீங்கள் வரலாம். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் “மூன்று மடங்கு” என்று நான் சொல்வதில்லை.

இடையில் ஒன்று. இந்த விவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, நாய் கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், தடுப்பூசியைச் சொன்ன தவணை அத்தனையும் போட்டு முடியுங்கள். மஞ்சள் வைப்பதும் மிளகாய்ப்பொடி தூவுவதும் உயிரைக் காக்காது.

பேச வேண்டியவர்களிடம் போய்ப் பேசுங்கள்

படித்ததை எல்லாம்விட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது இதுதான். சங்கக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் கார் வைத்திருப்பவர்கள், அல்லது விடிந்த பிறகு வெளியே போகிறவர்கள். நாயோடு நேருக்கு நேர் நிற்பவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

காலை ஐந்து மணிக்குத் தெரு கூட்ட வரும் அம்மாவிடம் கேட்டேன். “நம்ம தெரு நாய் என்னைத் தெரிஞ்சுக்கும், ஒண்ணும் பண்ணாது. அடுத்த தெருவுக்கு மாத்திப் போட்டாங்கன்னா ஒரு வாரம் கம்பு இல்லாம போக மாட்டேன்” என்றார். பேப்பர் போடும் தம்பி வண்டியை மெதுவாக ஓட்டினால் துரத்தாது என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறான். இரவு ஷிப்ட் முடிந்து வரும் ஒரு பெண், பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை தொலைபேசியில் அண்ணனோடு பேசிக்கொண்டே நடப்பதாகச் சொன்னார். நாய்க்காக மட்டுமா, மனிதர்களுக்காகவுமா என்று கேட்டேன். “ரெண்டுக்கும்தான். ஆனா தெருவுல நாய் இருந்தா குடிகாரனுங்க நிக்க மாட்டாங்க” என்றார். ஒரே ஆள், ஒரே தெரு, நாயால் பயமும் உண்டு, நாயால் தைரியமும் உண்டு. இது எந்த வீடியோவிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சோறு வைக்கும் அக்காவோடு ஒரு இரவு கூடவே போனேன். பதினாலு நாய்க்கும் பெயர் வைத்திருக்கிறார். எதற்குக் காது நுனியில் வெட்டு இருக்கிறது, எதற்கு இல்லை என்று வரிசையாகச் சொன்னார். கருத்தடை முடிந்ததன் அடையாளம் அந்த வெட்டு. பதினாலில் ஐந்துக்கு அது இல்லை. சங்கத்தில் அவரைத் திட்டிய யாருக்கும் இந்தக் கணக்கு தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

போகும்போது வாதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு கேள்வி போதும்: “உங்களுக்கு இது எப்படி இருக்கு?” பதிலுக்கு நடுவில் “ஆனா” என்று நுழையாதீர்கள். நம் கருத்துக்கு நேர் எதிரானவரிடம் ஒருவரிடமாவது பேச வேண்டும். அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லி, “ஆமா, இதைத்தான் சொல்றேன்” என்று அவர் தலையாட்டும் வரை, அது நமக்குப் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கருத்தின் விலையை நீங்களே சொல்லுங்கள்

எந்தப் பதிலுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுப்பார். அதை மறைத்துப் பேசும்போதுதான் எதிரில் இருப்பவருக்குக் கோபம் வருகிறது.

எல்லா நாயையும் காப்பகத்தில் வைப்பது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 1.8 லட்சம் நாய். ஒன்றுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு 40 ரூபாய் என்று நானாகவே ஒரு தொகை போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 72 லட்சம், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 263 கோடி ரூபாய். இடம், ஆள், மருத்துவம் எல்லாம் தனி. என் 40 ரூபாய் தவறாக இருக்கலாம்; பாதியாக்கினாலும் தொகை சிறியதாகிவிடாது. காப்பகம் கேட்பவர் இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல வேண்டும்.

அதே மாதிரி, தெருவிலேயே இருக்கட்டும் என்பவரும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கருத்தடை பலன் தர வருடக்கணக்கில் ஆகும். அதுவரை பயந்து நடப்பவர் கூட்டுகிற அம்மாவும் பேப்பர் தம்பியும்தான். உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று நான் சொன்னால், பொறுக்கப் போகிறவர் நானில்லை. இதை எழுதும்போதே என் கை தயங்கியது. தயங்கட்டும்.

வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள்

இது சுருக்கமான சோதனைதான். உங்கள் காரணத்தை மட்டும் எடுத்து வேறொரு விஷயத்தில் போடுங்கள். “மனிதர்களுக்கு ஆபத்தானதை அகற்ற வேண்டும்” என்பது காரணமென்றால், 2022-இல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1.68 லட்சம் பேர் இறந்தார்களே, அங்கே என்ன சொல்வீர்கள்? வண்டியை ஒழிக்கச் சொல்ல மாட்டோம், ஒழுங்குபடுத்தச் சொல்வோம். “எல்லா உயிருக்கும் வாழ உரிமை உண்டு” என்பது காரணமென்றால், சமையலறை எலிக்கு என்ன பதில்? காரணம் அப்படியே நிற்காதபோது அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எங்கே விலக்கு, ஏன் விலக்கு என்று சேர்த்துச் சொன்னால் அது இன்னும் உறுதியாகும்.

எழுதுங்கள், பிறகு பேசுங்கள்

அரைப் பக்கம் போதும். நான் நினைப்பது இது, காரணம் இது, விலை இது, எனக்கு உறுதியில்லாத இடம் இது, என்ன தெரிந்தால் மனம் மாறுவேன் என்பது இது. கடைசி வரியை எழுத முடியவில்லையா? அப்படியானால் அந்தக் கருத்து இன்னும் முழுதாக உங்களுடையதாகவில்லை. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று சொல்வதும் மரியாதையான பதில்தான். “இதைப் பற்றிப் பார்த்துக்கிட்டு இருக்கேன், இன்னும் சொல்லத் தெரியலை” என்று மாமாவிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வியை அவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார். வாட்ஸப் குழுவில் பேசாதீர்கள்; எனக்கு அங்கே ஒரு முறைகூட நல்லபடியாக முடிந்ததில்லை. நேரில் ஒருவரிடம், டீ குடித்துக்கொண்டே பேசுவது வேறு. பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேச வேண்டியிருந்தால், அவர் சொன்னதில் எது சரியோ அதை முதலில் வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள். உண்மையாகவே சரியென்று பட்டதை மட்டும்.

என் அரைப் பக்கத்தில் இருப்பது இது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் நாய் இருக்கக் கூடாது. மற்ற தெருக்களில் முதலில் எல்லா நாய்க்கும் தடுப்பூசி. ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்குப் போட்டாலே ரேபிஸ் பரவுவதை நிறுத்தலாம், கருத்தடையைவிட அதை வேகமாகச் செய்யவும் முடியும். அதன் பின்னாலேயே கருத்தடை, தெருத் தெருவாக முழுமையாக. சோறு வைப்பவர்களைத் திட்டாமல், ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்து, நாய்களைப் பிடிக்க அவர்கள் உதவியைக் கேட்க வேண்டும். விலை: அதிகாலையில் வேலைக்கு வருகிறவர்கள் இன்னும் சில வருடம் பயந்து நடப்பார்கள். உறுதியில்லாத இடம்: இதை முடிக்கும் ஆளும் பணமும் மாநகராட்சியிடம் இருக்கிறதா என்பது. மனம் மாறுவது எப்போது: ஒரு பகுதியில் முழுதாகச் செய்து முடித்து மூன்று வருடமாகியும் கடி குறையவில்லை என்று தெரிந்தால்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் படித்தேன். அந்த அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் காதில் வெட்டு இல்லாத அந்த ஐந்து நாய்களைப் பற்றிக் கேட்டார். மறுநாள் அக்காவும் அவரும் சேர்ந்து வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். இதுவரை மூன்றைப் பிடித்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரண்டு பாக்கி.